பதின்மூன்றாம் வளைவில் கொதித்த ஜீப்

அப்பா விட்டுப்போனது ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காப்பியும் மிளகும், கூடவே ஒரு பழைய டீசல் ஜீப். அந்த மலைக்குக் காப்பி வந்தது காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820களில். ஜீப்பும் அதே கப்பலில்தான் வந்திருக்கும் என்று என் மகன் கேலி செய்வான். நான் இருப்பது கன்னங்குறிச்சியில். வாரம் இரண்டு முறை மேலே போய் வருவேன். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். அவரிடம் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. டியூப் வார், கட்டுக்கம்பி, பழைய நட்டு போல்ட், கதவு ஸ்பிரிங் என்று ஊரில் யாரும் வேண்டாம் என்று போட்டதெல்லாம் அதில் கிடக்கும். வண்டியில் எது உடைந்தாலும் முதலில் அந்த டப்பாவைத்தான் திறப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. போன ஜனவரியில் அதே பழக்கத்தால் 23,000 ரூபாய்க்கு மேல் போனது, அறுவடை நேரத்தில் ஒன்பது நாளும் போனது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

டிசம்பர் கடைசியில் ரேடியேட்டரின் கீழ் ஓஸ் வெடித்தது. ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாய் அது. நல்லவேளை, வீட்டு வாசலிலேயே வெடித்தது. சேலத்தில் நான்கு ஸ்பேர் கடை ஏறி இறங்கினேன். இந்த மாடலுக்கு இப்போது யாரும் வைப்பதில்லை, சொல்லி வரவழைக்க இரண்டு வாரம் ஆகும், 480 ரூபாய் என்றார்கள். காப்பி பழுத்துக் கொட்டுகிற நேரத்தில் இரண்டு வாரமா? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் தடித்த பச்சை ஓஸ், உள்ளே நூல் பின்னியது, ஒன்றரை இஞ்சு. 35 ரூபாய்க்கு ஒன்றரை அடி வெட்டித் தரச் சொல்லி வாங்கினேன். அளவு கச்சிதம். வளைவுதான் வரவில்லை. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் முக்கினேன். ஐந்தே நிமிடத்தில் இளகி, நான் சொன்ன பக்கமெல்லாம் வளைந்தது. எனக்கு ஒரே பெருமை. அடுப்பு வெந்நீரில் இளகுகிற குழாய் இன்ஜின் வெந்நீரில் மட்டும் விறைப்பாக நிற்குமா என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, கொண்டலாம்பட்டி பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை, சூடும் ஏறவில்லை. ஏறியிருந்தால் எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம், சூடு காட்டும் முள் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பானட்டில் கை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கும் ஆறு மாதம் முன்னால் ரேடியேட்டர் மூடியின் உள் வாஷர் நைந்துபோனபோது, சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன். இந்தக் கதையில் பச்சை ஓஸ் பாதி வில்லன் என்றால், மறந்துபோன அந்த வட்டம் மீதிப் பாதி.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. பழம் பறிப்பவர்களுக்கு வாரக் கூலி நாள். பணப்பை, இரண்டு மூட்டை அரிசி, ஒரு மருந்தடிக்கும் பம்பு. மூன்று மணிக்கு அடிவாரம் தாண்டினேன். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே ஏறினால் ஜீப் எப்போதும் சமர்த்தாகப் போகும். பதின்மூன்றாவது வளைவில் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை. அடுத்த நிமிடம் பானட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டி நிறுத்தி, அரை மணி நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். குரங்குகள் அரிசி மூட்டையைக் குறிவைத்ததால் கையில் ஒரு குச்சி. ஆறியபின் துணி போட்டு மூடியைத் திறந்தேன், மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தது. பானட்டைத் திறந்து பச்சை ஓஸையும் பார்த்தேன். உருண்டையாக, அழகாக, ஒழுகாமல் இருந்தது. ஓஸ் நன்றாகத்தான் இருக்கிறது, வேறு எதுவோ என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் செய்ததுதான் மடத்தனம். பதினாறாவது வளைவில் மறுபடி அதே வாசனை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மேலே இருபது பேர் கூலிக்குக் காத்திருக்கிறார்கள். இன்னும் நாலு வளைவுதானே என்று நிறுத்தாமல் மிதித்தேன். பத்தொன்பதைத் தாண்டும்போது இழுவை செத்தது, வெள்ளைப் புகை கக்கியது, ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேவிட்டது. காய்கறி ஏற்றி வந்த ஒரு டெம்போக்காரர் கயிறு கட்டி ஒரு வீட்டு வாசல் வரை இழுத்துவிட்டார். கூலிப் பணத்தை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் கீழே இறங்கினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன் என்பதை எழுதவும் இப்போது வெட்கமில்லை. பணம் போகும் என்று அழவில்லை. அப்பா இருந்தால் பதின்மூன்றாவது வளைவிலேயே நிறுத்தியிருப்பார் என்று தெரிந்ததால் அழுதேன்.

திங்கட்கிழமை வண்டியை ஒரு பட்டறைக்கு இறக்கினேன். ஆயில் கேஜை உருவிக் காட்டினார்கள், பால் டீ நிறம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றி நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. சூட்டில் வளைந்துவிட்டது. “ஏம்மா, வண்டியில நீங்க ஏதாச்சும் நோண்டினீங்களா?” என்று கேட்டார் பட்டறைக்காரர். சுற்றி நான்கு பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்பளை ஜீப்பை நோண்டினால் இப்படித்தான் என்று அவர்கள் சிரிப்பது சொல்லாமலே காதில் விழுந்தது. “இல்லையே” என்று சொல்லிவிட்டேன். ஓஸ் கண்முன்னால் பச்சையாகத்தான் இருந்தது. அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கழற்றி, துடைத்து, அதையே திரும்ப மாட்டினார்கள். அந்த ஒற்றை “இல்லையே”யால் உண்மையான கோளாறு வண்டியிலேயே தங்கிவிட்டது.

கணக்கைச் சொல்கிறேன். இழுத்து இறக்கியதற்கு 2,500. வளைந்த ஹெட்டை இழைத்துச் சமமாக்கும் ஹெட் ஃபேஸிங் 1,200. கேஸ்கட் செட் 1,850. கூலி 5,500. ஆயில், ஃபில்டர் 2,400. ஆக 13,450. வண்டி பட்டறையில் இருந்த ஒன்பது நாளில் வாடகை பிக்கப் நான்கு நடை, நடைக்கு 2,200 வீதம் 8,800. அதுவரைக்கும் 22,250. பறித்து வைத்த பழம் மூட்டையிலேயே சூடேறிப் புளித்ததை இதில் சேர்க்கவில்லை.

பத்தாம் நாள் புது கேஸ்கட்டோடு மலை ஏறினேன். அதே பதின்மூன்றாம் வளைவு. அதே வெல்லப்பாகு வாசனை. கை கால் நடுங்கியது. இந்த முறை அந்த நொடியே நிறுத்தினேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இறக்கத்தில் மெதுவாகத் திரும்பி, கோரிமேட்டில் அப்பா முன்பு போய்க்கொண்டிருந்த வயதான மெக்கானிக் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். இப்போது அவர் தொழிலை விட்டுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். “அண்ணா, ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது” என்று ஆரம்பித்து, பச்சை ஓஸ், மூடி, செத்த முள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. “பானட்டத் தொறந்து வெச்சுட்டு, உங்க பையன மிதிக்கச் சொல்லும்மா. சும்மா இல்ல, மேடு ஏறுற மாதிரி நல்லா மிதிக்கணும்” என்றார். மகன் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். பச்சை ஓஸ் என் கண்முன்னாலேயே காலிப் பால் பாக்கெட் மாதிரி சப்பிப்போனது. காலை எடுத்ததும் மறுபடி உருண்டை. இரண்டு வாரமாக நான் தேடிய திருடன் அதுதான். நான் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறான்.

அவர் சொன்ன காரணம் இது. மேல் ஓஸில் தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளும். கீழ் ஓஸில் பம்பு தண்ணீரை உறிஞ்சும். அதனால் கீழ் ஓஸ் வெடிப்பதைவிட உள்ளே அமுங்குவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சில வண்டிகளில் அதற்காகவே கீழ் ஓஸுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். நான் நம்பிய நூல் பின்னல் வெளியே தள்ளுவதைத் தாங்கும், உள்ளே அமுங்குவதைத் தடுக்காது. சமதரையில் பம்பின் உறிஞ்சலும் குறைவு, சூடும் குறைவு, அதனால் பைபாஸில் தேறிவிட்டது. மலையில் இன்ஜின் வேகம் கூடக் கூட உறிஞ்சலும் கூடியது, சூட்டில் குழாயும் இளகியது, தண்ணீர் ஓட்டம் நின்றது. இனி நீங்கள் எந்த மாற்றுச் சாமானையும் சோதிப்பதென்றால், அது எங்கே அதிகம் கஷ்டப்படுமோ அங்கேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மேட்டில் ஏற்றி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்காமல் ஓடும்போதே பாருங்கள்.

மூடியின் கதை இன்னும் நுணுக்கம். மூடியில் 0.9 என்று அச்சடித்திருக்கும். அவ்வளவு அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைத்தால் தண்ணீர் 115 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். என் சைக்கிள் டியூப் வட்டம் அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை. சேலத்தில் அது பரவாயில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் சோறு வேக நேரம் ஆகும் என்று அம்மா சொல்வதும் இதனால்தான். ஆக, ஓஸ் மட்டும் என்றாலோ, மூடி மட்டும் என்றாலோ ஒருவேளை சமாளித்திருக்கும். இரண்டு ஒட்டும் ஒரே தண்ணீர்ப் பாதையில் சேர்ந்ததால் ஹெட் வளைந்தது. அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு: ஒரு அமைப்பில் ஒரு ஒட்டுக்குமேல் கூடாது.

அதே மெக்கானிக் அண்ணன் புது ஓஸ் வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனார். லாரியிலிருந்து கழற்றிப் போட்ட ரேடியேட்டர் ஓஸ்களில், துணி அடுக்கு வெட்டுவாயில் தெரிகிற, வெடிப்பில்லாத ஒன்றைப் பொறுக்கி, நமக்குத் தேவையான வளைவை மட்டும் வெட்டி எடுத்தார். 80 ரூபாய். உள்ளே எவர்சில்வர் கம்பியைச் சுருளாகச் சுற்றி நுழைத்தார். மூடி மட்டும் புதிது, 180. தனக்கென்று எதுவும் வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தி 600 கொடுத்தேன். அன்றைய செலவு 860. அந்த ஓஸ் இன்றுவரை ஓடுகிறது. சாமான் பழையதா புதியதா என்பதைவிட, அது ஏற்கெனவே இதே வேலையைச் செய்த சாமானா என்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. வெந்நீரில் வேலை செய்த ரப்பர் மறுபடி வெந்நீருக்குப் போகலாம்.

ரப்பரைப் பற்றி இன்னும் கொஞ்சம். சைக்கிள் டியூப், லாரி டியூப் இரண்டும் தண்ணீருக்கும் காற்றுக்கும் நல்லது. டீசலிலோ ஆயிலிலோ பட்டால் உப்பி, களிமண் மாதிரி ஆகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வெட்டி, பாட்டில் மூடியில் டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போடுங்கள். பக்கத்தில் ஊறாத துண்டை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் தெரியும். வண்டியின் டீசல் லைனுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள், கொஞ்ச நாளில் அது விறைத்து, கிளிப் பக்கம் வெடிக்கும். மலையில் அங்கே போய் ஒழுகினால், தீ பிடிக்கிற விஷயம்.

அப்பாவின் கைவேலைகளில் இன்னும் அசையாமல் இருப்பது சைலன்ஸர் தொங்கும் பட்டை. லாரி டயரின் பக்கவாட்டில் வெட்டி, இரண்டு போல்ட் போட்டு மாட்டியது. எட்டு வருடம் ஆகிறது. இப்போது வெட்டுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இன்றைய ரேடியல் லாரி டயர்களுக்குள் எஃகுக் கம்பி இருக்கும், பிளேடும் கையும் போய்விடும். நைலான் நூல் வைத்த பழைய வகை டயரைத் தேடி எடுங்கள். கேஸ்கட் விஷயமும் அப்படியே. டைமிங் கவர் மாதிரி, சூடும் அழுத்தமும் குறைந்த இடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். அட்டையைப் பாகத்தின் மேல் வைத்து, ஓரங்களில் உருண்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் வடிவம் தானாக வெட்டுப்பட்டு வரும். கத்தரிக்கோலே வேண்டாம். இரண்டு பக்கமும் லேசாக கிரீஸ் தடவி மாட்டலாம். ஹெட் கேஸ்கட்டுக்கு மட்டும் இந்த ஆசை வேண்டவே வேண்டாம்.

செப்பு வாஷர் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மெக்கானிக் இல்லை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரர். டீசல் பைப் மூட்டில் இருக்கும் செப்பு வாஷர் ஒருமுறை இறுக்கியதும் கெட்டியாகிவிடும், மறுபடி போட்டால் ஒழுகும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் புதிது மாதிரி இளகிவிடும். “இரும்பத்தான் இப்படிப் பண்ணா விறைக்கும், செம்பும் வெள்ளியும் இளகும். கொலுசுக்கு நாங்க தெனம் இதான் பண்றோம்” என்றார். அதற்கப்புறம் நான் செப்பு வாஷருக்குக் காசு கொடுத்ததில்லை.

எதிலெல்லாம் கைவைக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டு. 20 வளைவு இறங்குகிற ரோட்டில் இதில் விவாதமே கிடையாது. பிரேக் சிலிண்டர் வாஷருக்கு டியூப் ரப்பர் வெட்டிப் போட்டவர்களையும், பிரேக் ஆயில் குறைந்தபோது இன்ஜின் ஆயில் ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்னது செய்தால் உள்ளே இருக்கும் எல்லா ரப்பரும் உப்பிவிடும், மொத்தமும் மாற்ற வேண்டியதுதான். உடைந்த ஸ்பிரிங் பட்டாவை வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். வெல்டிங் சூட்டில் அந்த எஃகின் குணமே மாறி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். பழைய இரும்புக் கடையில் போல்ட் பொறுக்கும்போது தலையைப் பாருங்கள். 8.8 என்று குத்தியிருந்தால் பாரம் தாங்கும் இடத்துக்கு எடுக்கலாம். ஒன்றும் எழுதாதது மட்கார்டுக்குப் போகட்டும்.

ஒருவேளை மேல் ஓஸ் வழியிலேயே வெடித்தால், டியூப் வாரை இழுத்து இழுத்து நெருக்கமாகச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, ரேடியேட்டர் மூடியை ஒரு படி தளர்த்தி வைத்து, மெதுவாகக் கீழே இறங்குங்கள். மூடி தளர்ந்தால் அழுத்தம் குறையும், சுற்று தாங்கும். ஏறப் பார்க்காதீர்கள், இறங்குங்கள். கொதிக்கிற இன்ஜின் மேல் ஜில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். சூடு காட்டும் முள்ளை முதலில் சரிசெய்யுங்கள். எனக்கு அதற்கு ஆன செலவு 650 ரூபாய்தான், அதைக் கடைசியாகச் செய்தேன் என்பதுதான் கொடுமை.

இப்போது டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வண்டியில் எது ஒரிஜினல் இல்லையோ அதையெல்லாம் தேதியோடு எழுதுகிறேன். எந்தப் பட்டறைக்குப் போனாலும் சாவியோடு அதையும் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு பையன் படித்துவிட்டுச் சிரித்தான், சிரிக்கட்டும். மொத்தம் எட்டு வரி இருக்கிறது. ஏழாவது வரி, கிளட்ச் பெடலுக்கு மாட்டிய அப்பா டப்பாவின் கதவு ஸ்பிரிங். கொஞ்சம் தளர்கிற மாதிரி இருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும்.